சாக்கடைக்குச் சேர்ந்த சேதாரம்

அரசாங்கத்தின் கண்ணில் பழைய இரும்பு வாங்குகிறவன் பாதித் திருடன். பழைய தங்கம் வாங்குகிறவன் முக்கால் திருடன். நான் இரண்டையும் வாங்குகிறேன். கூட்டிப் பார்த்தால் ஒரு ஆளுக்கு மேலேயே வருகிறது. அதனால்தானோ என்னவோ, பழைய உலோக வணிக ஒழுங்குமுறைச் சட்டம் வந்தபோது கோயம்புத்தூரிலேயே முதல் பெட்டியை அவிநாசியப்பனாகிய என் கடையில் கொண்டுவந்து வைத்தார்கள்.

பெட்டி சோறு வடிக்கும் குண்டான் அளவுதான் இருந்தது. ஓர் உலோகத் துண்டை உள்ளே போட்டு மூடினால், அது இதுவரை யார் யாருக்குச் சொந்தமாக இருந்தது என்று ஒரு பெண் குரலில் பெயர்களை வாசிக்கும். அரசுக் குறிப்பில் அதற்கு உலோக மரபறி கருவி என்று பெயர். எங்கள் தெருவில் பேர்சொல்லி.

அதைப் பொருத்த வந்தவர் உலோக ஆய்வாளர் எஸ்தர் செல்வராணி. முப்பத்தைந்து வயது இருக்கும். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். சட்டப் புத்தகத்தைக் கைப்பையிலேயே வைத்திருந்தார். சந்தேகம் வந்தால் எடுத்துப் பார்ப்பார், சந்தேகம் வராவிட்டாலும் எடுத்துப் பார்ப்பார்.

“இது எப்பிடிங்க பேரைக் கண்டுபுடிக்குது?” என்று கேட்டேன்.

“ஒரு நகைக்கு ஆர்டர் எழுதும்போதே, வாங்குறவங்க பேரைப் பதிஞ்ச சில்லைத் தங்கத்துல தூவிருவாங்க அண்ணாச்சி. தூசியை விடப் பொடிசு. உள்ள இறங்கிரும். உருக்குனாலும் சாகாது. கை மாறுனா அடுத்த பேரும் கூடச் சேந்துக்கிடும்.”

“பழைய பேரு?”

“அது எங்க போகும்? அப்படியேதான் இருக்கும். கப்பல்ல வர்ற தங்கத்துக்குத் துறைமுகத்துலயே கொண்டு வந்தவங்க பேரை ஏத்திருதோம். இனிமே பேரில்லாத தங்கமே நாட்டுல கிடையாது.”

“செரி, நான் ஒரு வளையல் வாங்கோணும்னா?”

“அதுல உள்ள எல்லாப் பேருக்கும் தகவல் போகும். அத்தனை பேரும் சம்மதம்னு சொல்லணும். அறுபது நாள் தவணை. ஒருத்தர் பதில் சொல்லலைன்னாலும் பொருள் அரசுக்குப் போயிரும். வித்தவங்க உரிமம், வாங்குன உங்க உரிமம், ரெண்டும் ரத்து.”

உண்மையைச் சொல்ல வேண்டும். முதல் ஆறு மாதம் சட்டம் அருமையாக வேலை செய்தது. தெருக்குழாய்கள் காணாமல் போவது நின்றது. ஒருவன் மூட்டை கட்டிக் கொண்டுவந்த பித்தளைக் குழாயைப் பெட்டிக்குள் போட்டதும், “மாநகராட்சி, மாநகராட்சி, மாநகராட்சி” என்று அது மூன்று முறை சொன்னது. அவன் மூட்டையோடு செருப்பையும் விட்டுவிட்டு ஓடினான். சம்மதம் கேட்டு வரும் தகவல்களை யாரும் படிப்பதில்லை. தங்கள் பழைய மோதிரம் ஏழாவது கைக்குப் போனாலும் எட்டாவது கைக்குப் போனாலும் மக்கள் பச்சைப் பொத்தானை அமுக்கிவிட்டு வேலையைப் பார்த்தார்கள்.

பிறகு ஒரு புதன்கிழமை மாராத்தாள் வந்தாள்.

மாராத்தாளின் தொழிலைச் சொன்னால் வெளியூர்க்காரர்கள் நம்பமாட்டார்கள். எங்கள் தெருவில் நூற்று நாற்பது நகைப் பட்டறைகள். தங்கத்தை அரத்தால் ராவுகிறவர்கள் கை கழுவுவார்கள், குளிப்பார்கள், தரையைக் கழுவி விடுவார்கள். அந்தத் தண்ணீரோடு கண்ணுக்குத் தெரியாத பொடி சாக்கடைக்குப் போகும். மாநகராட்சியிடம் அந்தச் சாக்கடை வண்டலை முப்பது வருஷமாகக் குத்தகை எடுத்திருக்கிறாள் மாராத்தாள். முழங்கால் அளவு சேற்றில் நின்று அள்ளி, மரத்தட்டில் அரித்து, சுட்டு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு சின்ன உருண்டையோடு என்னிடம் வருவாள். ஆளில்லா ஆட்டோக்கள் ஓடும் ஊரில் அந்த வேலைக்கு மட்டும் இன்னும் ஆள்தான் தேவைப்பட்டது.

“ஏனுங்ண்ணா, புதுப் பொட்டி வந்துருக்குதாமா. நம்முளதையும் போட்டுப் பாருங்க” என்றாள்.

உருண்டை நான்கு கிராம். போட்டு மூடினேன். பேர்சொல்லி வாசிக்க ஆரம்பித்தது. வாசித்தது. வாசித்துக்கொண்டே இருந்தது. பாதியில் நிறுத்தக்கூடாது என்பது விதி. நான் காலைப் பலகாரம் சாப்பிட்டேன், மத்தியானம் சாப்பிட்டேன், தெருவே வந்து வேடிக்கை பார்த்தது. ஐந்து மணி நேரம் நாற்பத்தோரு நிமிஷத்தில் அது மூவாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு பெயர்களை வாசித்து முடித்தது.

“இத்தன பேரோடதுங்களா இது?” என்று மாராத்தாள் உருண்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “பாவம், ஆளுக்கு நக்கறதுக்குக்கூட வராதே.”

பெட்டிக்குள் போட்டாகிவிட்டது, எடுக்க முடியாது. மூவாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு பேரும் சம்மதிக்காவிட்டால் மாராத்தாளின் குத்தகை போகும், என் கடையும் போகும். இந்த உருண்டையை வாங்காமலே விரட்டியிருக்கலாமே என்று அந்த நிமிஷத்தில் நினைத்தேன். அப்படி நினைத்ததற்கு இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

தகவல்கள் போயின. ‘தங்கள் பெயரிலுள்ள 0.001 கிராம் தங்கம் சாக்கடையிலிருந்து மீட்கப்பட்டுள்ளது. விற்கச் சம்மதமா?’ சாக்கடை என்ற சொல்லைப் பார்த்ததும் ஊரே முதல்முறையாகத் தகவலை முழுசாகப் படித்தது.

அன்று சாயங்காலம் கோயம்புத்தூரில் திறக்காத பீரோ இல்லை. ஆயிரக்கணக்கான பெண்கள் தங்கள் சங்கிலி பத்திரமாக இருக்கிறதா என்று எடுத்துப் பார்த்தார்கள். ஒரு மில் மேலாளர் வியர்க்க விறுவிறுக்க என் கடைக்கு ஓடிவந்து, “அந்த வளையல் விஷயத்தை வெளிய சொல்லாதீங்க, நான் சம்மதிக்கறேன்” என்றார். சொல்வதற்கு என்ன இருக்கிறது, பெட்டி அவர் பெயரைத் தெருவுக்கே வாசித்திருந்தது. அவருடைய மைத்துனர் எதிர்ப் பட்டறையில்தான் கல் பதிக்கிறார். பெயர்க்காரர் ஒருவர் இறந்து போயிருந்தார். அவருடைய நான்கு மகன்கள் ஒன்பது வருஷமாகப் பேசிக்கொள்ளாதவர்கள். ஒரு கிராமில் ஆயிரத்தில் ஒரு பங்குக்காக என் கடையில் ஒன்றுகூடி, காப்பி குடித்து, கண் கலங்கி, சம்மதக் கையெழுத்தும் போட்டார்கள். வாசலில் இறங்கும்போது யார் முதலில் செருப்பு மாட்டுவது என்பதில் மறுபடியும் சண்டை வந்துவிட்டது.

பெரும்பாலோர் பச்சையை அமுக்கிவிட்டார்கள். அறுநூறு பேர் அமுக்கவில்லை. அந்த அறுநூறு வீட்டுக்கும் மாராத்தாள் நடந்தே போனாள். நான் பட்டியலைத் தூக்கிக்கொண்டு கூடப் போனேன். பல வீட்டில் எங்களைப் பார்த்ததும், “சாக்கடை பின்னாடி இருக்கு, அப்படி சுத்திப் போங்க” என்றார்கள். மாராத்தாள் முகம் மாறாமல், “இல்லீங்க, உங்க தங்கம் எங்கிட்ட இருக்குதுங்க” என்பாள். அப்புறம்தான் நாற்காலி வரும். இரண்டு மாதமாக அவள் தட்டைத் தொடவில்லை. குத்தகை வண்டல் தேங்கித் தெரு நாறியது. வீட்டில் அவள் ஒருவேளைதான் சமைத்தாள் என்று பின்னால் தெரிந்தது.

ஐம்பத்தெட்டாம் நாள் மூவாயிரத்து நானூற்றுப் பதினொரு சம்மதம் சேர்ந்துவிட்டது. பாக்கி ஒரே பெயர். எஸ்தர் செல்வராணி.

அவரைப் போய்ப் பார்த்தோம். அவர் தன் பெயரைப் பட்டியலில் பார்த்து, சட்டப் புத்தகத்தை எடுத்து, நான்கு பக்கம் புரட்டி, நெற்றியைப் பிடித்துக்கொண்டார்.

“என்னால கையெழுத்து போட முடியாது அண்ணாச்சி. விசாரிக்கிற அதிகாரிக்கு அந்தப் பொருள்ல பங்கு இருக்கக் கூடாது. பங்கு இருந்தா விசாரணையை வேற ஆள்கிட்ட மாத்தணும்.”

“மாத்திருங்க.”

“மாத்துதுக்குத் தொண்ணூறு நாள் ஆகும்.”

“இன்னும் ரெண்டு நாள்தானுங்க இருக்குது!”

“தெரியும். எனக்கே கஷ்டமாத்தான் இருக்கு. சட்டத்துல வழி இல்ல அக்கா” என்று மாராத்தாளைப் பார்த்துச் சொன்னார். அவர் கண் நிஜமாகவே கலங்கியிருந்தது. நல்லவர்தான், ஆனால் புத்தகத்துக்கு வெளியே ஓர் அடி வைக்கமாட்டார்.

மாராத்தாள் அழவில்லை. அவருடைய கழுத்தையே பார்த்தாள். “அந்தச் சங்கிலியா மேடம்? எத்தன பவுனுங்க?”

“ஏழு. இந்த ஊருக்கு வந்த பெறவு உங்க தெருவுலதான் செஞ்சது.”

“சேதாரம் எவ்வளவுங்க போட்டாங்க?”

நகை வாங்கிய எந்தத் தமிழரும் மறக்காத கணக்கு அது. செய்யும்போது வீணாகும் தங்கம் என்று சொல்லி, நகையில் இல்லாத தங்கத்தையும் நம் தலையில் கட்டுவார்கள். நாமும் பேரம் பேசி ஒரு சதம் குறைத்துவிட்டு, ஜெயித்த மாதிரி வீட்டுக்கு வருவோம். எஸ்தர் யோசிக்கவே இல்லை. “பன்னெண்டு சதம். ஆறே முக்கால் கிராம்.”

“பட்டியல்ல உங்க பேருக்கு நேரா எவ்வளவு வந்துருக்குதுங்க?”

“பூச்சியம் புள்ளி பூச்சியம் பூச்சியம் மூணு.”

“மீதி எங்கீங்க?”

எஸ்தர் சங்கிலியைக் கையில் பிடித்துப் பார்த்தார். மாராத்தாளே தொடர்ந்தாள்.

“பட்டறைக்காரங்க தரையக் கூட்டி எடுத்துக்கறாங்க, உக்காந்த பாயைச் சுட்டு எடுத்துக்கறாங்க. அத்தனையும் கடைக்குத்தான் திரும்பிப் போகுது. அதுக்கும் தப்புனதுதான் எனக்கு. அல்லாச் சேதாரமும் சாக்கடைக்கு வந்திருந்தா, முப்பது வருஷமா நான் ஏனுங்க ரேஷன் கடை வரிசையில நிக்கறேன்?”

எஸ்தர் எழுந்து நின்றார். அந்தச் சங்கிலிக்காக அவருடைய அப்பா இரண்டு வருஷம் கூடுதலாகத் துபாயில் இருந்தாராம். பிறகு புத்தகத்தைப் பிரித்தார். இந்த முறை வேகமாகப் புரட்டினார்.

“வழி இருக்கு. உலோகம் காணாமப் போனதா சந்தேகம் வந்தா, விசாரணை முடியுத வரைக்கும் அறுபது நாள் கணக்கு நிக்கும். என்னோட ஆறே முக்கால் கிராமைக் காணோம். நானே புகார் தாரேன். அதுக்கு வேற அதிகாரி வேண்டாம், மனுதாரரே ஆய்வும் செய்யலாம்னு போட்டிருக்கு.”

மறுநாள் எங்கள் ஊர் நகைக்கடைகள் எல்லாவற்றுக்கும் நோட்டீஸ் போனது. வசூலித்த சேதாரம் எங்கே?

நகைக்கடைச் சங்கத் தலைவர் குணசீலன் பட்டு ஜிப்பா போடுகிறவர்; வலது கையின் நான்கு விரல்களிலும் மோதிரம், ஐந்தாவது விரல் பேசும்போது ஆட்டுவதற்கு. அவர் வக்கீலை வைத்து அழகாக ஒரு பதில் எழுதினார். ‘சேதாரத் தங்கம் முழுவதும் வேலையின்போது பொடியாகி, கழுவு நீருடன் மேற்படி சாக்கடையில் கலந்துவிடுகிறது என்பதைச் சத்தியமாக உறுதி கூறுகிறோம்.’ முத்திரைத் தாளில் முந்நூறு கடைக்காரர்கள் கையெழுத்து.

எஸ்தர் பதிலுக்கு ஒரே வரி எழுதினார். ‘அப்படியெனில் திங்கட்கிழமை காலை பத்து மணிக்குச் சாக்கடை ஆய்வு செய்யப்படும்.’

ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் தெருவில் மேளம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். ‘தூய்மைத் தெரு, நம் பெருமை’ என்று ஒரு பேனர். வெள்ளைத் தொப்பி போட்ட நகைக்கடை முதலாளிகள் ஆளுக்கொரு விளக்குமாறு பிடித்து போட்டோவுக்கு நின்றார்கள். பிறப்பிலிருந்து விளக்குமாற்றைத் தொடாதவர்கள் என்பது பிடித்த லட்சணத்திலேயே தெரிந்தது. போட்டோ முடிந்ததும் ஒவ்வொருவரும் காரிலிருந்து ஒரு சின்ன வாளியை எடுத்துவந்து, சாக்கடையில் பிளீச்சிங் பவுடர் தூவினார்கள். குணசீலன் மட்டும் இரண்டு வாளி.

மாராத்தாள் என் கடைப் படியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டே எல்லாவற்றையும் பார்த்தாள்.

“ஏனுங்ண்ணா, பிளீச்சிங் பவுடர் வெள்ளையாத்தான இருக்கும்?” என்றாள்.

திங்கட்கிழமை பத்து மணிக்கு எஸ்தர் வந்தார். சங்கத்துக்காரர்கள் மாலையோடு வந்தார்கள். தேங்கிய வண்டலில் முந்தின நாள் பவுடர் விழுந்த மேல் ஏட்டை மட்டும் மாராத்தாள் அரித்து அரித்துக் கொடுக்க, சாயங்காலத்துக்குள் இரண்டு கிலோ நானூறு கிராம் தேறியது. முப்பது வருஷத்தில் அவள் அரித்த அத்தனையையும் சேர்த்தாலும் அவ்வளவு வராது. குணசீலன் மோதிர விரல்களை விரித்துச் சிரித்தார்.

“பார்த்தீங்களா மேடம்? நாங்க சொன்ன மாதிரியே சேதாரம் அத்தனையும் இங்கதான் இருக்குது.”

“சரி. யாரு யாரு சேதாரம்னு கேட்டுருவோம்” என்று எஸ்தர் தங்கத்தைப் பேர்சொல்லிக்குள் போட்டு மூடினார்.

பெட்டி பேசவில்லை. கூட்டம் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தது. கடைசியில் பெண் குரல் ஒரே ஒரு வாக்கியம் சொன்னது. “உரிமையாளர் எவரும் இல்லை.”

எனக்கு அப்போதுதான் விளங்கியது. கடையிலுள்ள கணக்குத் தங்கத்தைத் தூவினால் அதில் யார் யாரோ பெயர் இருக்கும், நடு ரோட்டில் வாசித்துவிடும். அதனால் பெயரே இல்லாத தங்கமாகப் பார்த்துத் தூவியிருக்கிறார்கள். பெயரில்லாத தங்கம் ஒரே வழியாகத்தான் இந்த நாட்டுக்குள் வரும். அந்த வழியில் துறைமுகம் இல்லை.

“வாடிக்கையாளர் சேதாரம்னா அவங்க பேரு இருக்கணும்லா?” என்றார் எஸ்தர் மெதுவாக. “இல்லையே. ஒருவேளை உங்க தங்கமா?”

குணசீலனின் வாய் திறந்தது. வக்கீல் அவருடைய ஜிப்பாவைப் பின்னாலிருந்து இழுத்தார். வாய் மூடியது.

“எங்களுது இல்லீங்க” என்றார்.

“யாராவது உரிமை கோருறீங்களா?”

முந்நூறு முதலாளிகளும் வானத்தைப் பார்த்தார்கள். மழை வரும்போல இருந்தது என்று வைத்துக்கொள்ளலாம்.

எஸ்தர் புத்தகத்தைப் பிரித்தார். சுரங்க முதலாளிகள் கேட்டுக்கொண்டதற்காகச் சட்டத்தில் சேர்த்த ஒரு பிரிவு அது. குத்தகை எல்லைக்குள் கிடைக்கும் பெயரில்லா உலோகம் குத்தகைதாரருக்கே சொந்தம். அவரே முதல் உரிமையாளர். எஸ்தர் அதை இரண்டு முறை சத்தமாக வாசித்தார். இரண்டாவது முறை சும்மா, ஆசைக்கு. தன் சங்கிலிப் புகாரை இழுக்க விரும்பவில்லை என்று அங்கேயே அதைத் திரும்பப் பெற்று, மனுதாரர் என்ற முறையில் பழைய உருண்டைக்கும் சம்மதம் எழுதிக் கொடுத்தார். அதுவும் புத்தகத்தில் இருந்ததாம்.

“பேரு சொல்லுங்க அக்கா, சில்லுல ஏத்தணும்.”

“மாராத்தாளுங்க.” குன்றிமணித் தங்கம்கூட அவள் உடம்பில் கிடந்து நான் பார்த்ததில்லை.

“போன் நம்பர்?”

“போன் இல்லீங்க. மூணு போனு சேத்துல உழுந்துருச்சு. அப்புறம் வாங்கலீங்க.”

“பரவாயில்ல. போன் இல்லாதவங்ககிட்ட நேர்ல வந்துதான் சம்மதம் கேக்கணும். கட்டைவிரல் ரேகை வாங்கணும். பிரிவு இருக்கு.”

மாராத்தாள் தன் கட்டைவிரலைத் திருப்பிப் பார்த்தாள். பிறகு கேட்டாள். “இந்தத் தங்கத்த நான் வித்துப்போட்டாலும் எம்பேரு அதுலயே இருக்குங்களா?”

“இருக்கும்.”

“உருக்கி வேற தங்கத்தோட கலந்தாலும்?”

“கலந்தா, கலந்த அத்தனைக்கும் உங்ககிட்டயும் கேக்கணும்.”

அன்றைக்கு மாராத்தாள் எனக்கு ஒரு வேலை வைத்தாள். தங்கத்தை மொத்தமாக ஒரே இடத்தில் விற்கக் கூடாது. நகைக்கடைகளுக்குத் தங்கக் கட்டி வார்த்துக் கொடுக்கும் உருக்காலைகள் இந்த ஊரில் எட்டு இருக்கின்றன. எட்டிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்க வேண்டும். “கொழம்புக்கு உப்புப் போடற மாதிரிங்ண்ணா” என்றாள். சட்டப்படி எல்லாம் சரியாக இருந்தது. நான் போட்டுவிட்டு வந்தேன்.

அந்தப் பணத்தில் அவள் முதலில் செய்தது, வீட்டின் பழைய ஓடுகளை எடுத்துவிட்டுக் கான்கிரீட் கூரை போட்டது. இரண்டாவது, சாக்கடைக் குத்தகையைப் பத்து வருஷத்துக்கு நீட்டித்தது. இனி எதற்கு அந்தச் சேறு என்று கேட்டேன். வீட்டில் சும்மா உட்கார்ந்தால் கால் மரத்துப்போகிறது என்றாள். முழங்கால் வரை வரும் பூட்ஸ் மட்டும் புதிதாக வாங்கியிருந்தாள்.

ஒரு மாதம் கழித்து ஆவணி முகூர்த்தம் ஆரம்பித்தது. கோயம்புத்தூரில் எந்தக் கடையில் எந்த நகைக்கு ஆர்டர் எழுதினாலும், பேர்சொல்லி கடைசியாக ஒரு பெயரைச் சொன்னது. நேரில் சென்று சம்மதம் பெறவும் என்று கூடவே சொன்னது. ஊரில் கல்யாண வீட்டுக்காரர்கள் கடைக்காரர்களைப் பிடித்து உலுக்கினார்கள்.

இப்போது தினமும் காலையில் எங்கள் தெருவுக்குக் கார்கள் வருகின்றன. பட்டு ஜிப்பாவைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, மூக்கைப் பொத்திக்கொண்டு, ரேகைப் பலகையும் பில்லுமாக முதலாளிகள் சாக்கடை ஓரத்தில் வரிசையில் நிற்கிறார்கள். முதல் நாள் வரிசையில் முதல் ஆள் குணசீலன்.

“மாராத்தாளம்மா, நாளான்னைக்குக் கல்யாணமுங்க. ஒரு ரேகை.”

“அட, வாங்க. கையெல்லாம் சேறுங்க, செத்த நில்லுங்க.” அவள் நிதானமாகத் தட்டைக் கழுவி வைத்தாள், கையைக் கழுவினாள். கட்டைவிரலை மட்டும் முந்தானையில் துடைத்தாள். அப்புறம் பில்லை வாங்கித் தூரத்தில் பிடித்துப் படித்தாள்.

“சேதாரம் பன்னெண்டு சதமுங்களா?” சாக்கடையை ஒருமுறை குனிந்து பார்த்துவிட்டு அவர் முகத்தைப் பார்த்தாள். “எனக்கு அவ்வளவு வந்து சேரலீங்களே.”

குணசீலன் வரிசையில் பின்னால் நின்றவர்களைத் திரும்பிப் பார்த்தார். பிறகு ஜிப்பாப் பையிலிருந்து பேனாவை எடுத்து, பன்னிரண்டை அடித்துவிட்டு, எவ்வளவு எழுதுவது என்று அவளிடமே கேட்டார்.